கட்டைவிரல் நிற்கும் இடம்

பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் வளைபாதத்தின் சிகிச்சையில் மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டியின் முறையை இன்று மறுப்பவர் அரிது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்றைத்தான் கறாராக உரசிப் பார்க்க வேண்டும். 1963இல் அயோவாவிலிருந்து அவர் கட்டுரை வெளியிட்டபோது துறை அசையவில்லை. அடுத்த 30 ஆண்டுகள் கத்தியின் காலமாகவே கழிந்தன.

இம்முறையின் வலு மாவுக்கட்டில் இல்லை. பொன்செட்டிக்கு முன்பே ஹைரம் கைட் என்ற மருத்துவரும் மாவுக்கட்டுதான் போட்டார். ஆனால் பாதத்தின் வெளிவிளிம்பில், குதிகால் எலும்பு கனசதுர எலும்போடு சேரும் மூட்டில் கட்டைவிரலை ஊன்றி, முன்பாதத்தை வெளியே தள்ளினார். குதிகால் எலும்பு திரும்ப வேண்டிய வழியை அந்த விரலே அடைத்துக்கொண்டது. பொன்செட்டி விரலைக் கணுக்காலின் தாலஸ் எலும்பின் தலைமீது வைத்தார். தாலஸ் அசையாமல் நிற்க, மீதிப் பாதம் ஒன்றாக அதனடியில் சுழன்று வெளியே வருகிறது. பச்சைக் குழந்தையின் காலில் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு விரற்கடைகூடத் தேறாது.

வரிசையும் அப்படியே. முதல் கட்டில் பெருவிரல் பக்கத்தைத் தூக்கிப் பாதக்குழிவைத் தளர்த்துகிறார்கள். பார்ப்பவருக்குக் கோணல் கூடிவிட்டதாகத்தான் தோன்றும். முழங்காலை மடக்கி, தொடைவரை, வாரம் ஒன்றாக ஐந்தாறு கட்டுகள். குதிகாலை இறக்குவது கடைசியில். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நாணைச் சிறு கீறல் வழியே வெட்டிவிட்டு மூன்று வாரக் கட்டுப் போடுகிறார்கள். அதற்குள் நாண் வளர்ந்து கூடிவிடும். காரணமில்லாத அடி ஒன்றும் இதில் இல்லை.

சான்று? கூப்பரும் டீட்ஸும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் இம்முறையில் சிகிச்சை பெற்ற 45 பேர், 71 பாதங்கள். முதிர்ந்த வயதில் 78 விழுக்காட்டினரின் நிலை நன்று அல்லது மிக நன்று. வளைபாதமே இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் அது 85. ஒரே நிறுவனத்து நோயாளிகள், சிறிய எண்ணிக்கை என்பது குறைதான். ஆனால் 30 ஆண்டுக்குப் பின்னும் காலைத் தொட்டுப் பார்த்த சான்று இத்துறையில் மலிவானதன்று. விரிவான அறுவைக்கு ஆளான பாதங்களை அதேபோல் நெடுங்காலம் கழித்துப் பார்த்து 2006இல் வந்த ஆய்வு, விறைப்பையும் மூட்டுத் தேய்வையும் காட்டியது. எக்ஸ்ரேயில் எலும்புகள் பிசகின்றி அமைய வேண்டுமென்பது அறுவையாளர் அளவுகோல். பொன்செட்டிக்கு வலியின்றி வளைந்துகொடுக்கும் பாதம் போதும். அளவுகோலை மாற்றியது தப்பித்தல் என்று சிலர் சொல்லலாம். நடப்பது கால்தானே, படமல்லவே.

கட்டுகள் முடிந்த பிறகு, கோணல் திரும்பாமல் காக்க, இரு காலணிகளையும் இணைக்கும் சட்டம். கோணல் பாதம் 70 பாகை வெளிநோக்கி, சரியான பாதம் 40 பாகை. மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயதுவரை தூக்க நேரங்களில். இங்கேதான் முறை தன் கறார்த்தனத்தை இழக்கிறது. கோணல் மீண்டும் வந்தால் பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்று கட்டுரைகள் எழுதிவிடுகின்றன. நள்ளிரவில் கொப்புளம் கண்டு வாரை அவிழ்க்கும் தாய்க்கு அந்தச் சொல் பொருந்துமா? எலும்பின் இயக்கத்துக்குக் காட்டிய பொறுமையில் பாதியாவது அந்தக் காலணிக்குக் காட்டப்பட்டிருக்க வேண்டும். முதிய வயதில் பொன்செட்டியே ஜான் மிட்செலோடு சேர்ந்து மென்மையான காலணி ஒன்றை உருவாக்கினார். குற்றம் முழுவதும் வீட்டில் இல்லை என்பதற்கு அவர் தந்த வாக்குமூலமாகவே அதைக் கொள்கிறேன்.

திருத்தும் கலையாக இம்முறை முழுமை பெற்றுவிட்டது. திருத்தியதைக் காக்கும் ஏற்பாடாக இன்னும் பாதிவழியில் நிற்கிறது. அந்தப் புதிய காலணியின் பின்புறத்தில், குதிகால் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பெற்றோர் எட்டிப் பார்க்கச் சிறு ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள்.