ஊசி படாத தையல்

மேசை முனையில் இடித்து நெற்றி கிழிந்த குழந்தை, ஊசியைக் கண்டாலே வீறிடும். செவிலியர் எடுப்பதோ காகிதம்போல் மெல்லிய சில வெள்ளைப் பட்டைகள். மருத்துவமனைகளில் இதை ‘ஸ்டெரி ஸ்ட்ரிப்’ என்பார்கள்.

1920இல் ஏர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி கையை வெட்டிக்கொண்ட மனைவிக்காக உருவாக்கிய பேண்ட்-எய்டுக்கு இது உறவுதான். ஆனால் அது காயத்தை மூடும். இது காயத்தின் இரு கரைகளையும் சேர்த்துப் பிடிக்கும்.

ஒட்டும் விதத்தில்தான் அழகு இருக்கிறது. ரத்தம் நின்று, காயம் கழுவி, சுற்றியுள்ள தோல் நன்றாக உலர வேண்டும்; ஈரத்தில் பசை பிடிக்காது. பட்டையின் ஒரு பாதியை ஒரு கரையில் ஒட்டி, விரல்களால் கரைகளை நெருக்கி, மறுபாதியை எதிரே பதிக்கிறார்கள். காயத்துக்குக் குறுக்காக, நடுவிலிருந்து தொடங்கி, பட்டைகளுக்கிடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடம் விட்டு. கசிவு வெளியேற அந்த இடம் வேண்டும். பட்டையை இழுத்து ஒட்டினால் தோல் கொப்புளித்துவிடும். கரைகளை நெருக்குவது விரல்களின் வேலை, பட்டையின் வேலை அல்ல. எவ்வளவு நுணுக்கமான கைப்பழக்கம்!

மடங்கி நிமிரும் மூட்டுக்கு இது சரிவராது. ஆழமான காயமும் நாய்க்கடியும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

சில நாட்களில் பட்டையின் ஓரங்கள் சுருண்டு எழும்பும். பிய்த்து இழுக்காமல், எழும்பிய ஓரத்தை மட்டும் கத்தரித்துவிடுவார்கள். மிச்சம் ஒரு நாள் குளிக்கையில் தானே உதிரும். அங்கே தெரிவது மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு.