இலண்டனைப் பார்த்த கண்கள்

தமிழில் வெளிநாட்டுப் பயணக் கட்டுரை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இலண்டன், அடுத்தது பாரிஸ். அந்த ஈர்ப்பை வெறும் மேல்நாட்டு மோகம் என்று தள்ளிவிட முடியாது. சென்னை மாகாணத்தின் ஆவணங்கள் பல இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில்தான் இருக்கின்றன. சென்னையிலிருந்து கப்பலேறிப் போன அமராவதிச் சிற்பங்களை பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் பார்க்க முடியும். தன் ஊரின் பழைய கதையைத் தேடுகிறவர் அங்கே போகத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பிறகு படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்தார். 1940இல் படம் வெளிவந்தது. அப்படிப் போனவருக்கு ஐரோப்பிய நகரம் வேடிக்கை பார்க்கும் இடமாக இருக்கவில்லை. கதவைத் தட்டிக் காரியம் முடிக்க வேண்டிய இடமாக இருந்தது. அதனாலேயே அவர் எழுத்தில் கட்டடங்களைவிட மனிதர்கள் அதிகம். சின்னச் சின்ன வாக்கியங்கள். தன்னை முன்னிறுத்தாத நடை. பின்னால் வந்தவர்களில் பலர் விட்டுவிட்ட குணம் இது.

மணியன் 'ஆனந்த விகட'னில் எழுதிய 'இதயம் பேசுகிறது' போன்ற தொடர்களின் காலம் வேறு. வீட்டில் டி.வி. இல்லாத நாட்களில், கடல் தாண்ட வழியே இல்லாத குடும்பங்களை வாரா வாரம் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போன எழுத்து அது. சமையலறையை விட்டு வெளியே வர முடியாத பெண்களுக்கு அது திறந்துகொடுத்த உலகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அந்த வெற்றியே ஓர் அச்சை உருவாக்கிவிட்டது. பிறகு வந்த கட்டுரைகள் பலவற்றில் டவர் பாலம், மெழுகுச் சிலைகள், ஈபிள் கோபுரம், நடுவில் ஒரு தமிழர் வீட்டுச் சாப்பாடு எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. கடைசியில், அங்கே தெரு எவ்வளவு சுத்தம், இங்கே எப்படிக் கிடக்கிறது என்ற ஒப்பீடு. அந்தத் தெருவை விடியற்காலையில் கூட்டுவது யார், அவருக்கு என்ன கூலி, எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று கேட்ட கட்டுரை அபூர்வம். பத்து நாள் விருந்தாளியின் கண்ணுக்கு அது படவில்லை.

அதைப் பார்த்தவர்கள், அங்கேயே வாழ நேர்ந்த ஈழத் தமிழர்கள். இலண்டனில் குடியேறிய இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் 'தேம்ஸ் நதிக்கரையில்' என்று நாவலே எழுதினார். பாரிசில் அகதியாக வாழ்ந்தபடி ஷோபாசக்தி எழுதினார். விசா, கூலி வேலை, தூக்கமில்லாத அறை எல்லாம் இவர்களுடைய தலைமுறை எழுத்தில்தான் தமிழுக்கு வந்தன. பயணக் கட்டுரை சொல்லாமல் விட்ட பாதி நகரம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், 'யாமம்' நாவலில் அண்ணனை நில அளவைப் பணிக்கும் தம்பியைக் கணிதம் படிக்க இலண்டனுக்கும் அனுப்புகிறார். இங்கே மலையை அளந்ததும் அங்கே படிக்கக் கூப்பிட்டதும் ஒரே அரசு. இலண்டனின் கவர்ச்சிக்குப் பின்னால் இருந்த அதிகாரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய பயணக் கட்டுரை எதையும் நான் படித்ததில்லை.

இந்த வகை எழுத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை வேறு. வெளியூரில் கூர்மையான கண் பெரும்பாலும் ஊர் திரும்பவில்லை. விதிவிலக்குகள் உண்டு. உலகம் சுற்றிய சோமலெ மாவட்டம் மாவட்டமாக நூல் எழுதினார். ஜப்பானைப் பற்றி 'உதய சூரியன்' எழுதிய தி. ஜானகிராமன், எழுத்தாளர் சிட்டியோடு காவிரிக்கரை நெடுகப் போய் 'நடந்தாய் வாழி காவேரி' தந்தார். ஆனால் பட்டாசுத் தொழிலால் கந்தக பூமி என்று பெயர் வாங்கிய எங்கள் கரிசல் பக்கம் அப்படி யார் வந்தார்கள்? மேலாண்மறைநாட்டிலேயே இருந்து எழுதிய மேலாண்மை பொன்னுச்சாமியைப் போன்ற உள்ளூர்க்காரர்கள்தான் எழுத வேண்டியிருந்தது.

இந்தக் கரிசல் பக்கத்து ஊரான அச்சங்குளத்தின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் வந்தது 2021 பிப்ரவரி 12 அன்று. பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேமராக்கள் வந்தன, நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது, கேமராக்கள் போய்விட்டன. விடியலில் பட்டாசு ஆபீஸ் வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்களை, மருந்து கலக்கும் அறையில் இருப்பவரை, திரி வைக்கும் கைகளை, இலண்டனின் பிக்காடிலியை வர்ணித்த அளவு பொறுமையோடு யாராவது எழுதியிருக்கிறார்களா? பக்கத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. உள்ளூரில் தொல்பொருள் பார்க்க ஆசைப்படுகிறவருக்கும் இங்கே விஷயம் இருக்கிறது.

வார இதழ் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இலண்டன் தொடர் போடுங்கள், நானும் படிப்பேன். அதே பக்கக் கணக்கையும் அதே பயணப்படியையும் கொடுத்து, விபத்து எதுவும் நடக்காத ஒரு சாதாரண மாதத்தில், ஓர் எழுத்தாளரை அச்சங்குளத்துக்கும் அனுப்பி வையுங்கள்.