லாரி ஏறும் காட்டுயிர்கள்

2019 பிப்ரவரியில் பல்லடம், உடுமலைப் பக்கத்து டீக்கடைகளில் சின்னத்தம்பியைத் தவிர வேறு பேச்சில்லை. கோவை தடாகம் பகுதியில் ஜனவரி 25 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டாப்சிலிப் காட்டுக்குள் கொண்டுபோய் விட்ட ஆண் யானை அது. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மலையிறங்கி நடந்து, திருப்பூர் மாவட்டத்துக் கண்ணாடிப்புத்தூர் கரும்புக்காட்டில் வந்து நின்றது. கலீம், சுயம்பு என்ற பழக்கிய கும்கி யானைகளை வைத்து பிப்ரவரி 15 அன்று மறுபடி பிடித்து, வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். காட்டு யானை கும்கியாக்கப்பட்டது.

காட்டுயிரைப் பிடித்து வேறிடத்தில் விடுவதே தப்பு என்று அன்று பலர் முடிவுகட்டினார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இதே வேலையை அசாமில் ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்துக்குச் செய்திருக்கிறார்கள். அங்கே அது ஒரு காட்டையே மீட்டிருக்கிறது. எது எங்கே பலித்தது, எது ஏன் பொய்த்தது என்று பார்த்தால்தான் இந்த முறையின் தரம் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசிரங்காவில் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் காண்டாமிருகம் மிஞ்சியிருந்தது. 2022 கணக்கெடுப்பில் 2,613. மகத்தான சாதனைதான். ஆனால் உலகத்தில் இருக்கும் இந்த இனத்தில் பாதிக்கு மேல் ஒரே காட்டில், அதுவும் ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா வெள்ளம் புகும் காட்டில் இருக்கிறது. ஒரு கொள்ளைநோய் வந்தால் போதும். பபிதோராவிலோ சுமார் 16 சதுர கிலோமீட்டர் புல்வெளிக்குள் நூற்றுக்கு மேல் நெருக்கியடித்து மேய்கின்றன. இன்னொரு பக்கம் அசாமின் மானஸ் காடு காலியாகக் கிடந்தது. 1980களின் இறுதியில் தொடங்கிய போடோ கலவரக் காலத்தில், காவல் குலைந்த அந்தக் காட்டில் இருந்த காண்டாமிருகங்களை வேட்டைக்காரர்கள் அடியோடு தீர்த்துவிட்டார்கள். புல் இருந்தது, தண்ணீர் இருந்தது, விலங்குதான் இல்லை.

2005இல் வகுத்த 'இந்தியன் ரைனோ விஷன் 2020' திட்டப்படி, 2008 முதல் 2012 வரை பபிதோராவிலிருந்தும் காசிரங்காவிலிருந்தும் 18 காண்டாமிருகங்களை மானசுக்கு லாரியில் கொண்டுபோனார்கள். எட்டார்ஃபின் மருந்து சில மில்லி போதும், இரண்டு டன் எடையுள்ள உருவம் சாய்ந்துவிடும். கண்ணைத் துணியால் மூடி, காதை அடைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டுவார்கள். பிறகு பெட்டியில் ஏற்றி, மாற்று மருந்து கொடுத்து எழுப்பி, ராத்திரியோடு ராத்திரியாகப் பயணம். அவை அங்கே கன்று போட்டன. தாய் 16 மாதம் சுமந்து ஒரே கன்று ஈனும் இனத்தில் ஒவ்வொரு கன்றும் பெரிய வரவு. யுனெஸ்கோ 1992இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்த மானசை 2011இல் அதிலிருந்து எடுத்தது. இந்த மீட்சியில் காண்டாமிருகம் திரும்பியதற்கும் பங்கு உண்டு.

இதன் குறையையும் மானசே காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில், கொண்டுவந்தவற்றிலேயே சிலவற்றைச் சுட்டுக்கொன்று கொம்பை அறுத்துப் போனார்கள். கழுத்தில் பட்டை கட்டியதால் விலங்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். துப்பாக்கியைத் தடுக்கக் காவலர் வேண்டும், சுற்றியுள்ள கிராமத்து மக்களின் மனசும் வேண்டும். முதலில் காவல், பிறகு விலங்கு என்ற வரிசை தலைகீழானதற்கு உயிர்களே விலை.

உத்தரப்பிரதேசத்தின் துத்வாவில் பிசகு வேறு மாதிரி. 1984இல் அசாமிலிருந்து ஐந்து. மறு ஆண்டு, 16 வளர்ப்பு யானைகளைக் கொடுத்து நேபாளத்திலிருந்து நான்கு பெண் காண்டாமிருகங்களை வாங்கினார்கள். எண்ணிக்கை பெருகியது. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறந்த கன்றுகளுக்கெல்லாம் பாங்கே என்ற ஒரே ஆண்தான் அப்பன். நம் பக்கத்துக் காங்கேயம் மாட்டுப் பட்டிக்காரர் யாரைக் கேட்டாலும், ஒரே காளையை எத்தனை தலைமுறைக்கு விடலாம் என்று சொல்லிவிடுவார். அந்த எச்சரிக்கை துத்வாவில் எடுபடவில்லை. வேலிக்குள் வைத்தே நாற்பது ஆண்டு ஓட்டினார்கள்.

கென்யாவில் 2018இல் நடந்தது எல்லாவற்றையும்விடக் கொடுமை. சாவோ கிழக்குப் பூங்காவுக்குக் கொண்டுபோன 11 கருப்புக் காண்டாமிருகங்களும் செத்தன. புது இடத்துத் தண்ணீரின் உப்பு பெரும்பாலானவற்றைக் கொன்றது. குடிக்கும் தண்ணீரை முன்கூட்டியே சரியாகச் சோதித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவு.

இத்தனை பிசகிலும் காண்டாமிருகத் திட்டங்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. காலியான வீட்டுக்குக் குடித்தனக்காரரை அழைத்துப் போனார்கள். யானை விஷயத்தில் இங்கே நாம் செய்தது துரத்தல். தடாகத்தில் செங்கல் சூளைக்காக யானை நடந்த ஓடையையும் பட்டா நிலத்தையும் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினோம். சூளைகள் மூடப்பட்டது 2021இல்தான். அதற்கு முன்பே யானையை லாரியேற்றிவிட்டோம். 2023 பிப்ரவரியில் தர்மபுரியில் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னாவும் (தந்தமில்லாத ஆண் யானை) நடந்தே கோவை மாநகர எல்லைக்குள் வந்தது. கேரளத்துச் சின்னக்கானலின் அரிக்கொம்பன் யானை அதே ஆண்டு பெரியாறு காட்டில் விடப்பட்டு, ஒரு மாதத்தில் கம்பம் தெருவில் ஓடியது. விடப்பட்ட காட்டில் ஏற்கெனவே யானைக்கூட்டங்கள் இருந்தன. வந்தவனுக்கு வழியும் தெரியாது, உறவும் கிடையாது, வாழைத் தோட்டத்தின் ருசி மட்டும் நன்றாகத் தெரியும். காண்டாமிருகம் புல் கிடைத்தால் அந்த வட்டாரத்திலேயே நிலைகொள்ளும். யானைக்கு நூறு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

பயிர் போன விவசாயியின் வயிற்றெரிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனிதரைக் கொன்று பழகிய யானையைப் பிடித்தே ஆகவேண்டிய நேரமும் உண்டு. அப்போதும் அதற்கு இடமாற்றம் என்று பெயர் சூட்டி, ஊரார் கண்ணிலிருந்து மறைத்தால் தீர்ந்தது என்று விடுவது ஏமாற்று. இடத்தைச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதை அசாமின் லாக்கோவா காடு காட்டுகிறது. 1983 கலவரத்தில் அங்கே காண்டாமிருகம் அழிந்தது. நாற்பது ஆண்டு கழித்து, ஆக்கிரமிப்பை அகற்றிக் காவலைப் பலப்படுத்திய பிறகு, அவை தாமாகவே ஆற்றுத் திட்டுகள் வழியே நடந்து திரும்பியிருக்கின்றன. லாரி தேவைப்படவில்லை. அதனால் தடாகத்துக்கு வேண்டியது அடுத்த மயக்க ஊசி அல்ல. தோண்டிய குழிகளை மூடி, வழித்தடத்தை அறிவித்து, பயிர் இழப்பீட்டை அறுவடைக் காலத்துக்குள் விவசாயி கையில் அரசு கொடுக்கட்டும். பிடித்து விட்ட ஒவ்வொரு யானையும் ஓராண்டு கழித்து எங்கே, எப்படி இருக்கிறது என்று வனத்துறை பெயர் சொல்லி வெளியிடட்டும்.