கவிதையும் புலனாய்வும்

அஹ்னாப் ஜஸீமின் 'நவரசம்' கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. புத்தளக் கரையோரத்து மதுரங்குளியில் தமிழ் கற்பித்த அவர், 2020 மே 16ஆம் நாள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2019 உயிர்த்த ஞாயிறுப் படுகொலையால் அச்சமுற்ற நாட்டில் முஸ்லிம்களின் உடையும் மதரசாவும் ஏற்கெனவே ஐயத்துக்குள்ளாகியிருந்தன. பின்னர் உவமையும் ஐயத்துக்குள்ளாயிற்று. தன் இருப்புக்கே ஆபத்தென்று நம்பத் தொடங்கிய சமூகத்துக்கு, அது வாசிக்கவியலாத மொழியின் கவிதையும் வெடிமருந்தாகவே தோன்றும். வன்முறையை வெறுத்த வரிகளே தீவிரவாதத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. ஒன்பான் சுவையுள் வீரமும் வெகுளியும் அடங்கும் என்பதை நம் பத்தாம் வகுப்பு மாணவரும் அறிவர்! பொருள் காணும் பணி விமர்சகனிடமிருந்து புலனாய்வாளனுக்குப் போனமைதான் நமக்குக் கவலை. விமர்சகன் தவறினால் மறுப்புரை வரும். இவரோ 19 மாதம் அடைபட்டிருந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.