கோதை கூறிய கனவும் கூறாத மாலையும்

ஒருவர் தம் வாழ்வில் நேர்ந்த வியத்தகு செய்தியைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் உலகியற்கை. அங்ஙனம் உரைத்தவற்றுள் கேட்டார் நெஞ்சில் நிலைப்பது பெரும்பாலும் செய்தியின் வியப்பே ஆகும். உரைத்தவர் யார்க்கு உரைத்தார், எந்நிலையில் உரைத்தார், எதனை உரையாது விடுத்தார் என்பன விரைவில் மறக்கப்படும். நாளடைவில் உரைத்தவர் சொல் மறைந்து, அவரைப் பற்றிப் பிறர் கூறிய சொல்லே அவர் சொல்லாக நின்றுவிடுதலும் உண்டு. திருவில்லிபுத்தூர்க் கோதையார்க்கு நேர்ந்தது இதுவே எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுகலை வகுப்பில் நாலாயிரம் கற்பிக்கத் தொடங்கும்பொழுதெல்லாம் நாம் மாணவரை நோக்கி வினவும் வினா ஒன்றுண்டு: ஆண்டாள் தம்மைப் பற்றித் தாமே கூறிய செய்தி ஒன்று கூறுக என்பது அவ்வினா. இறைவனுக்குரிய மாலையைத் தாம் சூடிப் பின்னர்க் கொடுத்தமை என்பதே ஏறத்தாழ எல்லோர் விடையுமாகும். அவ்விடை பிழையானது. பிழை மாணவருடையது மட்டுமன்று. அவர்க்கு முன்னர் இலக்கிய வரலாறு எழுதிய நம்மனோர் பலருடையதும் ஆகும்.

மாலைக் கதை

பெரியாழ்வார் நந்தவனத்துத் துளசியின் அடியில் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்தார். அம்மகள் வளர்ந்து, இறைவனுக்கெனத் தொடுத்த மாலையைத் தான் சூடி அழகு பார்த்துப் பின் அனுப்பினாள். தந்தை அதனைக் கண்டு வருந்த, அவள் சூடிய மாலையே தனக்கு உவப்பென இறைவன் உணர்த்தினான். குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு இது. உய்யக்கொண்டார் அருளியதாக வழங்கும் திருப்பாவைத் தனியனிலும் சூடிக் கொடுத்த செய்தி இடம்பெற்றுள்ளது. இந்நூல்களும் தனியன்களும் சமய மரபின் கருவூலங்கள். அவற்றை இகழ்தல் நம் கருத்தன்று. திருவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசிப் பெருவிழாவிற்குத் திருமலைக்கும், சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் அழகர்க்கும் இன்றும் செல்கின்றது. ஓர் ஊரின் வாழ்வையே நடத்தும் கதையைப் பொய்யென்று தள்ளுதல் திறனாய்வு ஆகாது.

ஆயினும், கோதையார் பாடிய திருப்பாவை முப்பதிலும், நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றிலும் இச்செய்தி ஓரிடத்தும் இல்லை என்பது கருதத்தக்கது. இல்லாமை மட்டுமன்று, முரணும் உண்டு. திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் நோன்பு நோற்கும் மகளிர் தாம் விலக்கியவற்றை எண்ணுகின்றனர். கண்ணுக்கு மை தீட்டுதலும் கூந்தலில் மலர் முடித்தலும் அவ்விலக்குகளுள் அடங்கும். நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் திருமொழியிலோ, இறைவன் அணிந்த குளிர்ந்த துளவத்தைக் கொணர்ந்து தம் கூந்தலில் சூட்டுமாறு கோதையார் தம்மைச் சூழ்ந்தாரை வேண்டுகின்றார். கதையில் அவர் சூடிய மாலை இறைவன்பால் செல்கின்றது. பாட்டில் இறைவன் சூடிய மாலை அவர்பால் வரவேண்டும் என்பது வேட்கை. கதை நிறைவைக் கூறுகின்றது. பாட்டு வறுமையைக் கூறுகின்றது. இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் எங்ஙனம்?

கோதை என்னும் சொல்லுக்கே மாலை என்பது பொருள். திருப்பாவையின் இறுதிப் பாட்டு அந்நூலைத் தமிழ்மாலை எனச் சுட்டுகின்றது. மாலை என்னும் பெயருடையார் பாமாலை கொடுத்த செய்தியே பின்னர்ப் பூமாலைக் கதையாக விரிந்ததோ என எண்ண இடமுண்டு. இது நம் கருத்தளவே; துணிபன்று.

கனவு

கோதையார் கூறாததை விடுத்து, கூறியதற்கு வருவோம். நாச்சியார் திருமொழியின் ஆறாந் திருமொழி, தாம் கண்ட கனவைத் தோழிக்கு உரைப்பதாக அமைந்தது. முதற் பத்துப் பாட்டும் தோழியை விளித்துக் கனாக் கண்டமை கூறும் தொடரால் முடிகின்றன. ஆயிரம் யானை சூழ மணமகன் வருதல், பொற்குடமும் தோரணமும், பெண்பேச இந்திரன் முதலிய தேவர் வருதல், அந்தரி கூறையுடுத்தி மாலை சூட்டுதல், காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரி முகந்து இடுதல், யானைமீது ஊர்வலம் வந்து மஞ்சனமாடுதல் என ஒரு திருமணம் முழுதும் முறை பிறழாது சொல்லப்படுகின்றது. தாலி அணிதல் பற்றிய சொல் அதில் இல்லை என்பது சடங்கு வரலாறு ஆய்வார் அறிந்தது.

இத்திருமொழியைச் சடங்கு வரலாற்றுக்குச் சான்றாகப் பயன்படுத்தினோர் பலர். இதனை ஒரு பெண் தன் தோழிக்குக் கூறிய கூற்றாக ஆராய்ந்தோர் சிலரே. அங்ஙனம் ஆராயுங்கால் முதற்கண் நினைவுக்கு வருவது குறுந்தொகை முப்பதாம் பாட்டாகும். கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய அப்பாட்டிலும் தலைவி தோழியை விளித்துத் தன் கனவைக் கூறுகின்றாள். தலைவன் தன்னை அணைந்ததாகக் கனவு மயக்க, அவள் விழித்தெழுந்து படுக்கையைத் தடவிப் பார்க்கின்றாள்; தன் தனிமைக்கு இரங்குகின்றாள். அக்கனவைப் பொய்யென அவளே கூறிவிடுகின்றாள். கனவு கண்டதும் விழித்ததும் ஏமாந்ததும் ஒருங்கே அமைந்தது அப்பாட்டு.

கோதையார் கனவில் விழிப்பு இல்லை. பத்தாம் பாட்டில் மஞ்சனமாட்டுடன் கனவு முடிகின்றது. விழித்தேன் என்ற சொல் வரவில்லை. ஏழாந் திருமொழியிலோ தோழியைக் காணோம். அங்கே அவர் வினவுவது பாஞ்சசன்னியம் என்னும் சங்கை. எட்டாவதில் தூது விடுவது மேகங்களை. மானிடத் தோழி மறைந்து, மறுமொழி கூறமாட்டாத பொருள்கள் கேட்போராக நிற்கின்றன. விழிப்பின் துயரத்தை நன்னாகையார் தலைவி சொல்லால் கூறினாள்; கோதையார் கேட்போரை மாற்றுவதனால் கூறினார் என்க.

மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. ஒன்பதாம் பாட்டில் தம் தமையன்மார் வந்து தம் கையை அச்சுதன் கைமேல் வைத்துப் பொரி இட்டதாகக் கோதையார் கூறுகின்றார். துளசியடியில் கண்டெடுக்கப்பட்ட தனிமகளுக்குத் தமையன்மார் ஏது? வரலாற்றைப் பாட்டிற் காண முயல்வார்க்கு இது தடையாகும். ஆயின் கனவெனக் கொள்வார்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை. திருமணச் சடங்கில் உடன்பிறந்தார்க்குரிய இடம் வெறுமையாதல் கூடாது. உறவினர் நிறைந்த மனையில் மணம் நிகழ வேண்டும் என்பது அக்கனவின் வேட்கை. தன்கூற்றின் உண்மை நிகழ்ச்சியின் உண்மையன்று, நெஞ்சின் உண்மையாகும்.

பெயரும் முத்திரையும்

பதினோராம் பாட்டில் கூற்று மாறுகின்றது. பத்துப் பாட்டில் தம்மைத் தன்மையில் வைத்துத் தோழியோடு பேசியவர், இறுதியில் ஆயனுக்காகக் கண்ட கனவு என அதனைப் படர்க்கையில் வைத்து, வில்லிபுத்தூர்க்கோன் மகள் கோதையின் சொல்லென முத்திரையிடுகின்றார். கற்பார்க்கு நன்மக்கட்பேறு பயனாகக் கூறப்படுகின்றது. இருவர்க்கிடையே தாழ்குரலில் நிகழ்ந்த பேச்சு, ஊரும் பெயரும் பொறித்து உலகிற்கு வழங்கப்படுகின்றது. வைணவர் இல்லத் திருமணங்களில் அத்திருமொழி இன்றளவும் ஓதப்பெறுகின்றது.

இதன் துணிவை உணர அகமரபினை நினைத்தல் வேண்டும். அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதலைத் தொல்காப்பியர் விலக்கினார். கடவுள்மாட்டுக் காமப்பகுதியை அவரே புறத்திணையியலில் உடன்பட்டார் ஆதலின், இறைவன் பெயர் கூறுதல் மரபிற்கு மாறன்று எனச் சிலர் கூறலாம். ஒக்கும். தலைவன் பெயர் கூறியது புதுமையன்று. தலைவி தன் பெயரும் தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் கூறியதே புதுமை.

முத்திரைப் பாட்டு ஆழ்வார் பலர்க்கும் பொதுவன்றோ எனின், பொதுவே. ஆயின் பயன் வேறு. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மகளாகி நின்று பாடிய பதிகங்களின் இறுதியில் சடகோபன் எனவும் கலியன் எனவும் பெயர் வருங்கால், அதுவரை பேசிய தலைவி விலகிப் புலவர் தோன்றுகின்றார். கூற்று வேறு, கூறினார் வேறு என்பது தெளிவாகின்றது. கோதையார் முத்திரையிலோ விலகுதற்கு ஒருவரும் இல்லை. பேசிய தலைவியும் பாடிய புலவரும் ஒருவரே. கூற்றின் பழியும் அவரதே, புகழும் அவரதே.

அப்பழியை அவர் அறியாதவர் அல்லர். பன்னிரண்டாம் திருமொழியில், இனி நாணுதலால் பயனில்லை, அயலார் யாவரும் அறிந்துவிட்டனர் என்கின்றார். தாய் தந்தையும் உற்றாரும் இருக்கத் தனிவழி சென்றாள் என்ற சொல் பரவியபின் பழியைக் காத்தல் அரிது என்கின்றார். தம் நிலை அறியாதார் தம்மோடு பேசுதல் ஊமையும் செவிடரும் உரையாடுதல் போலும் என்கின்றார். மாலைக் கதையில் வரும் வியப்பினும் இக்கூற்றுக்கள் வியத்தற்குரியன. ஒரு பெண் தன் நெஞ்சிற் கிடந்ததை வெளியிட்டு, அதனால் விளையும் அலரையும் உடன் பதிவு செய்தல் நம் இலக்கியத்தில் பெருவழக்கன்று. புறங்கூறாமையைத் திருப்பாவையில் நோன்பின் ஒழுக்கமாகக் கூறியவர், தம்மைப் பற்றி ஊர் கூறும் அலரைத் தாமே எடுத்துரைக்கின்றார். பிறரைப் பற்றிய செய்தியைக் காத்தலும் தம்மைப் பற்றிய செய்தியை மறையாமையும் அவர்பால் ஒருங்கே காணப்படுகின்றன.

மற்றொரு கனவு

திருவில்லிபுத்தூரின் அண்டை நகராகிய இராசபாளையம் இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு சான்று தருகின்றது. விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509–1529) தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதம், பெரியாழ்வார் கோதையார் வரலாற்றைப் பொருளாகக் கொண்ட பெருங்காப்பியம். சூடிக் கொடுத்தாள் என்பதே நூற்பெயரின் கருத்தாகும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்கள் பெருவாரியாக வாழும் இராசபாளையத்தைச் சார்ந்த அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா அதனைத் தமிழாக்கினார். அம்மொழிபெயர்ப்புக்கு 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு வழங்கப்பெற்றது. இவ்வூரிற் பிறந்த கதை தெலுங்கு நாடு சென்று, அண்டையூரார் ஒருவரால் மீண்டு வந்தது.

அக்காப்பியத்தின் தோற்றுவாயிலும் ஒரு கனவு உண்டு. கலிங்கப் படையெடுப்பின்போது சிரீகாகுளத்தில் தங்கிய அரசனுக்கு ஆந்திர விட்டுணு கனவில் தோன்றித் தன் திருமணத்தைத் தெலுங்கில் பாடுக எனப் பணித்தான் என்பது நூல் கூறுவது. அரசன் அதனைத் தன் அவையோர்க்கு உரைக்கின்றான். இருவர் கனவையும் ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். அரசன் கனவு நூல் செய்தற்கு ஆணை; அவையோர் அறியக் கூறத்தக்கது; கூறுவதால் அவனுக்குப் பெருமையே அன்றிப் பழியில்லை. கோதையார் கனவு எதற்கும் ஆணையன்று. அதுவே அவர்தம் வாழ்வு. தோழி ஒருத்திக்கன்றி வேறெவர்க்கும் முதலிற் கூறத்தகாதது. அரசன் கோதையின் திருமணத்தைக் காப்பியமாக்கினான். கோதை திருமணத்தைக் கனவளவில் நிறுத்தினார்.

முடிவுரை

இந்நிலை கோதையார்க்கு மட்டும் உரியதன்று. காரைக்காலம்மையார் தம்மைப் பேயெனப் பெயர் சுட்டிப் பாடினார். மாங்கனி பெற்ற செய்தியை அவர் பாடல்களிற் காண்டல் இயலாது. அதனை விரித்துரைத்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். பெண்பாற் புலவர் தம் நெஞ்சினைக் கூற, பின்னுள்ளோர் அவர்தம் அற்புதத்தைக் கூற, அற்புதமே நின்று நெஞ்சு மறக்கப்படுதல் ஒரு வழக்காகவே தோன்றுகின்றது.

ஆண்டாள் என்பார் பெரியாழ்வார் படைத்த கற்பனைப் பாத்திரமே என இராஜாஜி ஒருகால் கருத்து வெளியிட்டார். மறுதலையாக மு. இராகவையங்கார், திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாக வரும் குறிப்பைக் கொண்டு கி.பி. 731ஆம் ஆண்டெனக் காலம் கணித்தார். வேறு ஆண்டுகளைக் கணித்தோரும் உளர். ஒரு சாரார் அவரை இல்லையென்றனர். மற்றொரு சாரார் அவர் வாழ்ந்த நாளையே குறித்தனர். இருசாராரும் பாட்டிற்குப் புறத்தே உள்ள செய்தியைத் தேடினர். அத்தேடல் தேவையே. ஆயினும் அது முடிவு பெறும்வரை பாட்டிலுள்ள கூற்றைக் கேளாதிருத்தல் தகுமா?

மரபு ஒரு நல்ல கேட்போரையும் நமக்குக் காட்டுகின்றது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் மாலிருஞ்சோலை இறைவனுக்குப் படைப்பேன் என ஒன்பதாம் திருமொழியில் கோதையார் நேர்ந்துகொண்டார். பல நூற்றாண்டு கழித்து இராமானுசர் அதனைப் படைத்துவிட்டு வில்லிபுத்தூர் வர, ஆண்டாள் அவரை அண்ணர் என அழைத்தார் என்பர். இதுவும் கதையே. ஆயின் பாட்டிற் கூறாததைக் கூறும் கதையன்று. பாட்டிற் கூறியதைக் காது கொடுத்துக் கேட்டவர் கதை. கனவில் கண்ட தமையன்மார் இடத்தை அங்ஙனம் கேட்டவர் பெற்றமை எண்ணி இன்புறத்தக்கது.

ஆகவே, பாடத்திட்டம் வகுப்போர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் வேண்டுவது ஒன்றே. மாலைக் கதையைக் கூறுமுன் ஆறாம், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் திருமொழிகளை மாணவர் தாமே படிக்கட்டும். கதையைப் பின்னர்க் கூறுவோம், அது கெட்டுப்போவதொன்றன்று. தம்மைப் பற்றித் தாமே பேசத் துணிந்த ஒருவரை, அவரைப் பற்றிப் பிறர் பேசியதன் வாயிலாக மட்டும் அறிந்து அமைதல், கேட்டார் கடமையும் அன்று. கற்றார் கடமையும் அன்று.