மெய்யசைவும் இசைப்பயிற்சியும்

இசை செவிக்குரியது, உடலுக்கு அதில் யாது தொழில் என வினவுவார் உளர். இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவருள் ஒருவர் சுவிற்சலாந்து நாட்டு எமில் ஜாக்-டல்குரோஸ் (1865–1950). 1892 முதல் ஜெனீவா இசைக்கல்லூரியில் ஒத்திசையியல் கற்பித்த அவர், சுரப்பிழையின்றி வாசிக்கும் மாணாக்கருங் காலப்பிரமாணத்தில் இடறுவதைக் கண்டார். அவர்களே தெருவில் நடக்கையில் அடி தவறுவதில்லை. குறை விரலிலன்று, கருத்துந் தசையும் ஒன்றையொன்று அறியாமையிலேயே உளதெனத் துணிந்தார்.

அவர் வகுத்த முறையிற் கைகள் தாளத்தைக் காட்ட, கால்கள் சுரங்களின் கால நீட்சியை அடியிட்டு நடக்கும். ஆசிரியர் பியானோவில் உடனுக்குடன் புனைந்து வாசிப்பார். ஏவற்சொல் பிறந்தவுடன் மாணவன் நடையை மாற்றல் வேண்டும். இவற்றுள் அருமையானது, முன்கேட்ட பகுதியை நடந்துகொண்டே அடுத்த பகுதியைச் செவியில் ஏற்கும் பயிற்சியாகும். உடல் ஒன்றைச் செய்ய, நினைவு மற்றொன்றைப் பற்றுகின்றது. கூட்டிசையிற் பங்குகொள்வோர்க்கு இதனினும் வேண்டற்பாலது யாது?

1911 இல் ஜேர்மனியின் ஹெல்லராவில் அவருக்கெனக் கல்விக்கூடம் எழுந்தது. அங்கு 1913 இல் அடொல்ப் அப்பியாவின் படிக்கட்டரங்கில் குளூக்கின் 'ஓர்பியூஸ்' நிகழ்ந்து புகழீட்டியது. அப்புகழே முறைக்கு ஊறும் விளைத்ததென்பது எம் கருத்து. காண்போர் மாணவன் காலையே நோக்கத் தொடங்கின், பயிற்சி காட்சியாகிவிடும். இதனை நடனவகை என்றே கொண்டார் பலர்.

13 ஆம் நூற்றாண்டிற் சாரங்கதேவர் இயற்றிய 'சங்கீத ரத்னாகரம்' பாடகர்க்குரிய குற்றங்கள் 25 எனத் தொகுக்கின்றது. ஒட்டகம்போற் கழுத்தை நீட்டுதலும் கண்மூடிப் பாடுதலும் அவற்றுட் சில. இதுகொண்டு டல்குரோஸை மறுக்கப் புகுவார் அவசரப்படுகின்றனர். நூல் கடிவது பாடுவோனின் வீண்சேட்டையை. அசைவையே நம் மரபு விலக்கியதாயின், ஆதிதாளத்தின் 8 அட்சரங்களையுந் தட்டும் விரலெண்ணிக்கையும் வீச்சுமாகக் கையில் வைத்திருக்குமா?

ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. நம் கை தாளத்தின் மாறா வட்டத்தைக் காக்கின்றது. சுரநீட்சி குரலில் மட்டுமே ஓடுகின்றது. டல்குரோஸ் அந்நீட்சியையுங் காலுக்கு அளித்தார். நம் மாணாக்கருட் பலர், பாட்டு இடறுமிடத்துத் தாளத்தையே பாட்டுக்கேற்ப இழுத்துவிடுகின்றனர். (மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தால் இது விளங்கும்.) அவர்களை ஒரு வர்ணத்தின் சுரங்களை, கையிலே தாளம் நிற்க, அடியிட்டு நடந்து பார்க்கச் செய்தல் அரிதன்று. முதலிற் சிரிப்பர், இரண்டாங் காலத்திற் சிரிப்பு அடங்கும்.