வாசனைத் தேயிலை

புத்தக மதிப்புரை எழுதுகிறவனுக்கு நாளடைவில் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. எதைக் கையில் எடுத்தாலும் மார்க்குப் போடத் தொடங்கிவிடுகிறான். கல்யாண வீட்டு ரசத்துக்கு மார்க்கு, கச்சேரியில் தம்பூராவுக்கு மார்க்கு, எதிர்வீட்டுக் குழந்தையின் அழுகைக்குக்கூட மார்க்கு. சென்ற மாதம் நான் தேயிலைக்கு மார்க்குப் போட்டேன். போட்ட மார்க்கைத் திருத்தவும் நேர்ந்தது. அது எப்படி என்று சொன்னால், விமரிசனம் என்கிற காரியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொன்னதாக ஆகும்.

நான் குடியிருப்பது திருவொற்றியூரில். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் நீளும் இந்தக் கடலோரத்தில் டீ என்றால் அதற்கு ஒரே அர்த்தந்தான். கண்ணாடிக் கிளாஸ், கொதித்துக் கொதித்துச் சிவந்த சாயம், பால், தாராளமாகச் சர்க்கரை. இதற்கு ஆகிற தேயிலை, இலையாகவே இராது. உருளைகளுக்கிடையே நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிய சி.டி.சி. தேயிலை அது. 1930-களில் அஸ்ஸாமில் இந்த யந்திரம் வந்த பிறகுதான் ஒரு கைப்பிடித் தேயிலையில் அத்தனை கிளாஸ் டீ சாத்தியமாயிற்று. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்களுக்கு வாசனை எல்லாம் வேண்டியதில்லை. சூடு வேண்டும், உறைப்பு வேண்டும், கண் விழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடோ காப்பி வீடு. டீ என்பது வெளியில் நின்று குடிப்பதற்கு உரிய வஸ்து என்று என் தாயார் கடைசி வரையில் நம்பியிருந்தாள்.

இந்த வீட்டுக்குத்தான் என் மைத்துனன் ஐந்து தகர டப்பாக்களை அனுப்பிவைத்தான். ஐந்திலும் தூளாக்காத முழு இலைத் தேயிலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை ஏற்றியிருந்தது. ஒன்று மல்லிகை. ஒன்று ரோஜா. மூன்றாவது, ஏர்ல் கிரே என்ற பிரபுவின் பெயர் கொண்டது. அவர் 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். அந்தத் தேயிலையில் சேர்ப்பது பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய். இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவில் இந்தப் பழம் விளைகிறது. நான்காவது இஞ்சியும் ஏலமும். ஐந்தாவது புகைத் தேயிலை. சீனத்து வூயி மலைப் பக்கத்தில் பைன் மரத்தை எரித்து, அந்தப் புகையில் இலையைக் காயவைக்கும் வழக்கம் உண்டு. அந்த ஜாதி.

டப்பாக்களின் மேல் அச்சிட்டிருந்த வர்ணனையைப் படித்துவிட்டு, டீ குடிக்கவே வேண்டாம் என்று தோன்றிற்று. அத்தனை கவிதை! 'பனி படர்ந்த காலையின் முதல் முத்தம்' என்ற தோரணை. நல்ல நாவலுக்கு அப்படி அட்டைக் குறிப்பு எழுதினால் ஆசிரியன் கோபித்துக்கொள்வான். சுமாரான நாவலாக இருந்தால் நன்றி சொல்லிக் கடிதம் போடுவான்.

ஆனாலும் காரியத்தை ஒழுங்காகச் செய்வது என்று தீர்மானித்தேன். தேயிலையை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுவை பார்ப்பதற்குச் சர்வதேச நியமம் ஒன்று இருக்கிறது. முதன்முதலில் 1980-இல் வெளியானது. நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் இலை, ஆறு நிமிஷம் மூடிவைப்பது. குடித்து இன்புற அல்ல இந்த முறை, குற்றம் கண்டுபிடிக்க. ஆறு நிமிஷத்தில் இலை தன் குறை நிறை எல்லாவற்றையும் கக்கிவிடும். தேயிலை மதிப்பிடுவோர் அதைக் கரண்டியால் எடுத்து, சபையில் செய்யத் தகாத சத்தத்துடன் உறிஞ்சுகிறார்கள். காற்றும் நீரும் கலந்து மூக்கின் பின்வாசல் வழியாக வாசனை மேலேற வேண்டும் என்பதற்காக அந்தச் சத்தம். பிறகு துப்பிவிடுகிறார்கள். 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கும் குன்னூரில் இதையே உத்தியோகமாகச் செய்கிறவர்கள் உண்டு.

தண்ணீர்தான் எங்களுக்குப் பிரச்னை. கடல் நீர் உள்ளே ஏறிவிட்ட நிலம் இது. கிணற்று நீரில் டீ போட்டால் டீக்கு முன்னால் உப்பு வந்து நமஸ்காரம் சொல்லும். தண்ணீரில் கடினம் மிகுந்தால் சாயம் மங்கி, மேலே ஆடை படியும். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கியதும் இந்தப் பகுதியின் தாகத்தை உத்தேசித்துத்தான். நான் கேன் தண்ணீர் வாங்கிவந்தேன். ஐந்து கிண்ணங்கள், ஒரு கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம். என் மனைவி சமையலறை வாசலில் நின்று, "பரீட்சைக்குக் கட்டணம் உண்டா?" என்று கேட்டாள்.

என் தீர்ப்பு இது. ரோஜாவுக்கு முதலிடம், கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதுமே மனம் குளிர்ந்துவிட்டது. ஏர்ல் கிரே இரண்டாவது. மல்லிகை மூன்றாவது, மணம் மெல்லியது, கசப்புச் சற்று அதிகம். இஞ்சி ஏலம் நான்காவது. நம் வீட்டுச் சுக்குக் கஷாயத்தின் தாயாதி. புகைத் தேயிலைக்குக் கடைசி இடம். "பால் அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவின தண்ணீர்" என்றாள் என் மனைவி. அந்த ஒரு வரி என் ஒரு பக்கத்துக்குச் சமானம்.

கட்டுரை முடிந்தது என்று பேனாவை மூடும் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. 2011-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே அவர் ஓய்வு பெற்றார். ஆனால், அவருடைய சட்டையில் படிந்த கரி அவர் சம்சாரத்தின் துவைகல்லை விட்டுப் போக வெகுநாள் ஆயிற்று என்பார்.

"இன்னா தம்பி, டீக்கடை போட்டுட்டியா?" என்றார்.

ஐந்தையும் ருசி பார்க்கச் சொன்னேன். ரோஜாக் கிண்ணத்தை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். "வெந்நீ மாதிரி கீது. தூள் போட மறந்துட்டியா?"

எனக்குச் சிறிது அவமானமாகத்தான் இருந்தது. ஏர்ல் கிரேயைக் கொடுத்து, எலுமிச்சை இனம் என்றேன். "எலுமிச்சங்காவா? புளிப்பே இல்லியே" என்றார். இஞ்சியில் முகம் மலர்ந்தது: "இது தொண்டையில பிடிக்குது." புகைத் தேயிலையைப் பற்றி, "தண்ணியா இருக்கு, ஆனா குத்தம் இல்ல" என்றார். மல்லிகையை மாத்திரம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். "கசக்குது, துவர்க்குது. ஆனா உள்ளார ஒரு சரக்கு கீது தம்பி."

அப்புறந்தான் சொன்னார். அவருக்கு வாசனையே தெரியாது. "கரித்தூள்லயே பாதி போச்சு. கொரோனா வந்து மிச்சத்தையும் கொண்டுகினு போச்சு." 2021-இல் வந்த காய்ச்சல். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பிய வாசனை அவருக்குத் திரும்பவில்லை. இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. நாக்கு தனியாக அறிவது ஒரு சில சுவைகளைத்தான். மேல்நாட்டு நூல்களில் துவர்ப்பைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தேயிலையில் உள்ள பொருள்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து வாயை வறட்டும் ஒரு தொடு உணர்ச்சி என்கிறார்கள். நம்மவர்கள் அதை அறுசுவையில் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார்கள். சாஸ்திரம் எப்படி இருந்தாலும், டீக்கு முதுகெலும்பு துவர்ப்புத்தான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. இஞ்சியின் காரமும் அப்படியே. அதை அறிவது வாசனை நரம்பு அல்ல, வலியையும் சூட்டையும் அறிகிற நரம்பு. ஆகவே அது பெரியவருக்கு எட்டிற்று. ரோஜா எட்டவில்லை. பெர்கமோட் பழத்தின் புளிப்பு சாற்றில் இருக்கிறது. டப்பாவில் வந்ததோ தோலின் எண்ணெய். மூக்கில்லாதவருக்கு அங்கே பழமே கிடையாது.

அவர் போன பிறகு, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஐந்தையும் மறுபடி குடித்தேன். ஆறிப்போயிருந்தபடியால் ஒளித்துக்கொள்ள அவற்றுக்கு இடமும் இல்லை. பெரியவர் சொன்னது அவ்வளவும் வாஸ்தவம். ரோஜாவுக்கு அடியில் பழைய, உயிரற்ற இலை. மணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சியது மங்கலான கஷாயம். மல்லிகையின் அடியில் நல்ல தேயிலை இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. பெருங்காய டப்பாவின் அருகில் வைத்தவர்களுக்குத் தெரியும். சீனத்துப் பூஜௌ நகரத்தார் இந்தக் குறையையே கலையாக்கினார்கள். பகலில் பறித்த மல்லிகை மொட்டு இரவில் மலரும். மலரும் சமயத்தில் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். காலையில் பூவைச் சலித்து எறிந்துவிட்டு, இலையை உலர்த்தி, மறுபடி புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு இப்படிப் பல இரவுகள். கடைசியில் பூ இருக்காது, மணம் இருக்கும். இத்தனை பாடுபடுகிறவன் மட்டமான இலையில் ஆரம்பிக்க மாட்டான். மலிவான வழி வேறு: எந்த இலையானாலும் சரி, மேலே எஸென்ஸைத் தெளித்துவிடுவது. டப்பாவைத் திறந்ததும் இதுதான் உரக்கக் கூவும்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் பாடம் இல்லையா? வர்ணனையை எஸென்ஸ் போல் தெளிக்கும் நாவல்கள் நம்மிடம் ஏராளம். முதல் அத்தியாயத்தில் கமகமக்கும். பத்தாம் அத்தியாயத்தில், சூடு ஆறினதும், வெந்நீர். மணம் இலைக்குள் ஊறியிருக்கும் நாவல்கள் சில உண்டு. அவற்றில் பூவைத் தேடினாலும் கிடைக்காது. விமரிசகன் ஒரு தரமாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் புதிய சித்தாந்தம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டிருந்தால், மணம் என்பதே ஏமாற்று வித்தை என்று முடிவு கட்டியிருப்பேன். மறுநாள் பெரியவர் அதையும் கெடுத்தார்.

2023 டிசம்பர் 26 இரவு பற்றிப் பேச்சு வந்தது. புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர் அன்று அந்தப் பக்கத்தில் மகள் வீட்டில் படுத்திருந்தார்.

"எல்லாரும் நாத்தம் நாத்தம்னு கத்துறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. மூக்கு சொல்லல தம்பி, கண்ணு சொல்லிச்சு. எரிஞ்சுது. அதுக்கப்புறந்தான் எழுந்தேன். பேத்தி என்னைத் தாண்டி ஓடிப்போயி, திரும்பி வந்து கையைப் பிடிச்சா."

நான் பதில் சொல்லவில்லை. மூக்கு ரஸனைக்காக ஏற்பட்ட உறுப்பு என்று கிண்ணங்களை வரிசை வைத்தவன் நான். இந்தக் கடலோரத்தில் அது வாசல் காவலாள். அதை இழந்தவர், எது வெறும் வாசனை, எது சரக்கு என்று கண்டுபிடித்துவிடுகிறார். உண்மைதான். ஆனால் அதை ஒரு சாமர்த்தியமாக நான் மெச்சிக்கொண்டிருந்தது சிறுபிள்ளைத்தனம். அது அவருக்குப் பெரிய நஷ்டம்.

அவரே மௌனத்தைக் கலைத்தார். "அந்த மல்லிப்பூ டீ, வாசனை எப்படி இருந்திச்சு? சொல்லேன்."

டப்பாவில் அச்சிட்டிருந்ததை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். முத்தம், பனி, தேவலோகம். ஒன்றும் உதவவில்லை. நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதியிருந்ததும் உதவவில்லை. 'மணம் மெல்லியது' என்றால் அவருக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் யோசித்து, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போகிறீர்கள். வாசலில் பூக்காரி அப்போதுதான் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் கூடையை மூடியிருக்கிறாள். நீங்கள் பூ வாங்கவில்லை, கடந்து உள்ளே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ம். தெரியுது" என்றார். பிறகு, "மகிழம்பூ போட மாட்டாங்களா? அது காஞ்சாலும் வாசனை போவாது" என்றார். ஒற்றியூர்க்காரர் வேறு எந்தப் பூவைச் சொல்வார்? கோயிலின் தல விருட்சமே மகிழந்தான்.

மார்க்குப் பட்டியலைத் திருத்தி எழுதினேன். மல்லிகை முதல், இஞ்சி இரண்டாவது, புகை மூன்றாவது, ஏர்ல் கிரே நான்கு, ரோஜா கடைசி. பட்டியலை நீங்கள் மறந்துவிடலாம். உங்கள் நாக்கு வேறு, உங்கள் ஊர்த் தண்ணீர் வேறு. ஆனால், வாசனைத் தேயிலை வாங்குகிறவர்கள் ஒரு தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். கொடுத்த காசு இலைக்கா எஸென்ஸுக்கா என்று தெரிந்துபோகும். பிறகு மூக்கை விட்டுவிடுங்கள். அது இருக்கிறவரைக்கும் அதன் உபகாரம் பெரிது.

மல்லிகை டப்பாவைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டேன். பால் ஊற்றிச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறாராம். என் மைத்துனனுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவான். நன்றாக இருக்கிறது என்கிறார்.